பதிவேட்டில் இல்லாத மொய்னா

மொய்னாவுக்குப் பதின்மூன்று வயதானபோது, ஆலை வேலைக்காக அவளுக்கு வயது பதினெட்டு என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தார். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோலத்தான், அதைவிடக் கொஞ்சம் அவசரமாக. அவள் கொண்டுபோயிருந்த பிறப்புச் சான்றிதழில் ஷெஃபாலி என்று இருந்தது. அது அவளுடைய அக்கா. முந்தைய மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை கண்டு இறந்துபோனவள். அவர்கள் வாழ்ந்த ஜமுனை ஆற்றுத் திட்டுகளில் பிறப்பைப் பதியவே ஆள் போவது அரிது. இறப்பைப் பதிய யார் படகேறுவார்கள்? காகிதத்தில் ஷெஃபாலி உயிரோடுதான் இருந்தாள்.

"இனிமே யாராவது ஷெஃபாலின்னு கூப்பிட்டா சட்டுன்னு திரும்பணும். யோசிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது," என்றார் அப்பா. பஸ் கிளம்பும்வரை நாலைந்து தடவை கூப்பிட்டுப் பார்த்தார்.

ஆஷுலியாவின் ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் அவள் முதலில் நூல் வெட்டினாள். வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வரும் நாட்களில் மற்றச் சிறுமிகளோடு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெஷினில் உட்கார்ந்து காலர் தைத்தாள். பதினான்கு வருடத்தில் அந்தப் பெயருக்குத் திரும்ப அவள் ஒருநாளும் தாமதித்ததில்லை. பதினொரு வருடமாகப் பக்கத்து மெஷினிலும் பக்கத்து அறையிலும் இருந்த ரோக்சானாவுக்குக்கூட அவள் ஷெஃபாலிதான். இருவரும் ஒரே அடுப்புக்கு வரிசையில் நின்றார்கள், ஒரே கிண்ணத்தில் உருளைக்கிழங்கைக் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்தார்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் இறந்தவளின் பெயரில் சாப்பிடுகிறேன் என்பதைச் சோற்றுக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

ஒரு மார்கழிக் காலை, கீழ்த்தளத்தில் புகை வந்தது. நாலாம் மாடியில் இருந்தவர்கள் படிக்கட்டுக்கு ஓடினார்கள். இரும்புக் கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவன் டீக்கடையில் இருந்தான். அவன் வந்து சேருவதற்குள் புகை தானாகவே அடங்கிவிட்டது.

"எதுக்கு இவ்வளவு ஒப்பாரி? ஒண்ணும் நடக்கலல்ல?" என்றான் சூப்பர்வைசர் பாபுல். "போங்க, போங்க. இந்த மணி நேரத்துக் கணக்கு இன்னும் பாக்கி இருக்கு."

ரோக்சானா அவனைப் பார்த்துக் கேட்டாள்: "நடந்திருந்தா யாருண்ணே பதில் சொல்லியிருப்பா? நீங்களா, பூட்டா?"

"பூட்டுகூட வாயை மூடிக்கிட்டு இருக்கும்மா. நீயும் கத்துக்க."

அன்றுதான் சங்கம் வேண்டும் என்று அவள் முடிவுசெய்தாள். அதற்குக் கையெழுத்துகள் வேண்டும். இத்தனை பேர் இந்த ஆலையில் வேலை செய்கிறோம், எங்களுக்குச் சங்கம் வேண்டும் என்று எழுதித் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஆலைக்குள் பேனாவை எடுத்தால் பாபுலுக்குத் தெரிந்துவிடும். அதனால் பெருநாளுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மதியம், மருதாணி வைத்துவிடுவதாகச் சொல்லிப் பெண்களைத் தன் அறைக்கு அழைத்தாள். மருதாணித் தட்டுக்கு அடியில் காகிதங்கள். இடது கைக்கு மருதாணி, வலது கைக்குப் பேனா.

முதலில் வந்தவர்களிடம் ரோக்சானா பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்: "கம்பெனி அட்டையில எப்படி இருக்கோ அப்படியே எழுதுங்கடி. ஒரு புள்ளி மாறக் கூடாது." நாற்பது பேருக்குச் சொன்னபிறகு தொண்டை கட்டிவிட்டது. அந்தப் பாடம் நின்றபிறகுதான் மொய்னா வந்தாள்.

"இது எங்க போகும்?"

"அரசாங்கத்துக்கு. ஏன், ஜனாதிபதியே வந்து வாங்கிக்கணுமா மகாராணிக்கு? போடுடி, மருதாணி காயுது."

மொய்னா பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். ஷெஃபாலி என்பது கம்பெனிக்குச் சொன்ன பொய். இது கம்பெனிக்கு எதிராக எழுதும் காகிதம். இதிலும் பொய் எழுதினால் பிறகு எதில்தான் உண்மை எழுதுவது? வாக்காளர் அட்டையிலும் மொய்னா என்றுதான் இருக்கிறது. சட்டப்படி நடக்கச் சொல்லிக் கேட்கப் போகிறவர்கள் பொய்ப் பெயரோடு போகலாமா? அவள் பிழையாக யோசித்தாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேர்மையானவர்கள் செய்கிற பிழை அப்படித்தான் இருக்கும், வரிக்கு வரி சரியாக.

மொய்னா என்று எழுதினாள். எழுத்துகள் கோணலாக வந்தன. பள்ளிக்கூடத்தோடு நின்றுபோன கை. ரோக்சானா பார்க்கவில்லை. மருதாணி காயும்முன் அடுத்தவளின் கையைப் பிடித்திருந்தாள்.

காகிதங்கள் அலுவலகத்துக்குப் போயின. மூன்றாம் வாரம் அதே பெயர்கள் அதே வரிசையில் கம்பெனியின் மேஜையில் இருந்தன. எப்படி வந்தன என்று யாரும் சொல்லவில்லை. முதல் நாள் ரோக்சானா, அடுத்த நாள் பதினொரு பேர், அந்த வாரக் கடைசிக்குள் முப்பத்தொரு பேர் வெளியே. வேலை கொடுக்கக் கூடாதென்று ஒவ்வொருவரின் படமும் மற்ற ஆலைகளின் வாசலில் ஒட்டப்பட்டது. மீதிப் பேர் தங்களுக்குத் தெரியாமல் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மெஷினுக்குத் திரும்பினார்கள். மருதாணிக்கு வந்தவர்களில் ஷெஃபாலியை மட்டும் யாரும் கூப்பிடவே இல்லை.

பாபுல் வரிசை வரிசையாக வந்து கேட்டான்: "இதுல மொய்னா யாரு? பேருக்கேத்த மாதிரி மைனாவாப் பறந்து வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் பறந்துடுச்சா?"

சிலர் சிரித்தார்கள். அவள் காலரைத் திருப்பித் தைத்தாள்.

பிறகு அலுவலகக் கடிதம் வந்தது. பதிவேட்டில் இல்லாத பெயர் இருப்பதால் விண்ணப்பமே நம்பத்தகுந்ததல்ல என்று நிராகரித்துவிட்டார்கள். கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டு, ரோக்சானா பொய்க் கையெழுத்துப் போட்டதாகப் போலீசில் எழுதிக் கொடுத்தது. மறுநாள் அடுப்பு வரிசையில் மொய்னா நின்றபோது முன்னால் இருந்தவர்கள் விலகி இடம்விட்டார்கள்.

"வாங்கக்கா, நீங்க முதல்ல வையுங்க. நீங்க வேலைக்குப் போறவங்க." வேலை போன பெண்களில் ஒருத்தி சொன்னாள். இன்னொருத்தி, "பாவம், காட்டிக் கொடுக்கிறதும் வேலைதானே," என்றாள்.

அரிசியை ஊறவைத்தபடியே விட்டுவிட்டு மொய்னா ரோக்சானாவின் அறைக்குப் போனாள். அவள் துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தாள். மருதாணி அவள் நகங்களில் மட்டும் மிச்சம் இருந்தது.

"மொய்னா நான்தான்."

ரோக்சானாவுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. மொய்னா அக்காவைச் சொன்னாள், சான்றிதழைச் சொன்னாள், டாக்டரைச் சொன்னாள். ரோக்சானா திடீரென்று சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்காமல் போகவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பதினோரு வருஷம் ஒரு செத்தவகூடவா அடுப்புக்குச் சண்டை போட்டேன்!" பிறகு சொன்னாள்: "இது இல்லேன்னா வேற ஒண்ணு கண்டுபிடிச்சிருப்பானுங்க. ஓட்டை இல்லாத பானையில ஓட்டை போடத் தெரிஞ்சவனுங்க."

"உனக்கு அது நிச்சயமாத் தெரியுமா?"

ரோக்சானா மூட்டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"நான் போய்ச் சொல்றேன்."

"வாயைத் திறக்காதே. உன்னையும் தூக்கிடுவான். உள்ள ஒருத்தியாவது இருக்கட்டும்."

"போலீஸ் உன்னைத்தானே கூட்டிட்டுப் போகும்?"

"போனா போறேன். அங்கேயாவது படிக்கட்டுல பூட்டு இருக்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கும்."

ஆனால் மொய்னா போனாள். தொழிலாளர் அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு நடுவயது அதிகாரி அவளை உட்காரச் சொன்னார். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. வாக்காளர் அட்டையைப் பார்த்தார். காகிதத்தில் ஒருமுறை கையெழுத்துப் போட்டுக் காட்டச் சொன்னார். அதே கோணல்.

"சரிம்மா. பொய்க் கையெழுத்து இல்லைன்னு நான் எழுதறேன். உங்க தோழி மேல அந்தப் புகார் நிக்காது."

"அப்ப சங்கம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மொய்னாங்கிற பேர்ல அங்க யாரும் வேலை செய்யலையேம்மா."

"நான்தான் சார் செஞ்சேன். பதினாலு வருஷம்."

"செஞ்சது ஷெஃபாலி. பதிவேட்டுல அப்படித்தான் இருக்கு. நான் என்ன செய்ய?"

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்குத் திரும்பி நடப்பது எளிதாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து ஆலைக் கதவில் காவலாளி அவளைத் தடுத்தான். முறைத்தபடி இல்லை, தலையைக் குனிந்தபடி. சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஷெஃபாலி என்ற பணியாளர் பல வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டதாகத் தெரிய வருவதால், அவருடைய பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறது. நிர்வாகம் தன் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறது.

மொய்னா அதை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள். அக்கா இறந்த அன்று திட்டைச் சுற்றி வெள்ளம். வேறு கரைக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். அழ இடமும் இல்லை, ஆளும் இல்லை. அடுத்த வருடமே அவள் ஷெஃபாலி ஆகிவிட்டாள். தானே ஷெஃபாலியாக இருந்துகொண்டு ஷெஃபாலிக்காக எப்படி அழ முடியும்? இப்போது அந்தச் சுவருக்கு முன்னால், ஏழரை மணிக் கூட்டம் இருபுறமும் ஒதுங்கி உள்ளே போய்க்கொண்டிருக்க, அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

ரோக்சானா சாலைக்கு மறுபுறம் டீக்கடையில் இருந்தாள். காலையிலிருந்தே அங்கேதான் இருந்தாள். இது இப்படித்தான் முடியும் என்று அவளுக்குத் தெரியும். கடந்து வந்து நின்று, கூப்பிட்டாள்.

"மொய்னா."

அவள் திரும்பவில்லை. அந்தப் பெயருக்குத் திரும்பும் பழக்கம் கழுத்தில் இல்லை. ரோக்சானா குனிந்து தோளைத் தொட்டு இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் வேலை கேட்டு இருவரும் நடந்தார்கள். மூன்றாவது ஆலையின் வாசலிலேயே மொய்னாவின் படம் இருந்தது. ஈரப் பசை இன்னும் வழிந்துகொண்டிருந்தது. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'ஷெஃபாலி என்கிற மொய்னா' என்று அச்சடித்திருந்தார்கள். அப்பாவின் வீட்டை விட்டு வந்தபிறகு, அக்காள் தங்கை பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து அவள் பார்த்தது அன்றுதான்.

"வாடி போலாம். வெயில் ஏறுது," என்றாள் ரோக்சானா.

"இரு," என்றாள் மொய்னா.