அப்பா தனியாக வந்த போட்டி

கோல்ஃபை டி.வி.யில் மட்டுமே ரசித்திருந்த நான், முதன்முறையாக ஒரு பெரிய போட்டியை நேரில் பார்க்க அப்பா அம்மாவோடு சென்னைக்குப் போனேன். செல்போனை அணைக்க வேண்டும், ஆடுபவர் குறி பார்க்கும்போது பேசக் கூடாது என்று புதுச்சேரியில் பஸ் ஏறும்போதே சொல்லி வைத்திருந்தேன்.

அப்பா மாலையில் முதலியார்பேட்டை நண்பர்களோடு பெத்தாங் ஆடுபவர். இரும்புக் குண்டை எறியப் போகிறவருக்குச் சுற்றி நிற்பவர்கள் யோசனை சொல்வது அங்கே வழக்கம். எனக்குப் பிடித்த வீரர் குழிக்கு அருகே பந்தைத் தட்டக் குனிந்தபோது, அப்பா அதே பழக்கத்தில், "மெதுவா தள்ளுப்பா, சரிவா இருக்கு" என்றார்.

வீரர் நிமிர்ந்தார். கூட்டமே திரும்பிப் பார்த்தது. கூட்டத்தை ஒழுங்குபடுத்த நின்றிருந்த இளைஞர் என்னிடம், "உங்ககூட வந்தவரா?" என்று கேட்டார்.

"இல்லங்க" என்றேன்.

அப்பா என்னை ஒரு கணம் பார்த்தார். "நான் தனியாத்தான் வந்தேன் தம்பி. தெரியாம பேசிட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். அம்மா தண்ணீர் பாட்டிலோடு அவரிடம் போய்விட்டார்.

நானும் போயிருக்கலாம். போகவில்லை. போட்டி முடியும்வரை, தூரத்திலிருந்து என்னையே பார்த்து, நான் கைதட்டிய பிறகுதான் அப்பாவும் கைதட்டினார். அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.