பன்னிரண்டாவது கதிரை

அண்ணாவின் நெஞ்சுக்குள் சத்தம் கேட்கும். பத்தொன்பது வயதில் பழுதான இதய வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அதன் பிறகு, அமைதியான அறையில் அவர் இருந்தால் கைக்கடிகாரம் ஓடுவது போலிருக்கும். கற்பிட்டியில் அவர் நடத்திய கைத்தொலைபேசி திருத்தும் கடைக்கு வந்த ஒரு முஸ்லிம் பெரியவர், சுவர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, மணிக்கூட்டக் காணல்ல, சத்தம் மட்டும் கேக்குதே," என்றார்.

"அது நான்தான், நானா. பெட்டறி மாத்தத் தேவல்ல," என்றார் அண்ணா.

வால்வில் இரத்தம் கட்டிவிடாமலிருக்க அவர் தினமும் குளிசை எடுத்தார். நான் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் எண் அவருக்கு மூன்றை ஒட்டி நிற்க வேண்டும்; குறைந்தால் இரத்தம் கட்டும். பல வருடங்கள் அப்படியே நின்றதால் கிளினிக்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாகிவிட்டது.

இருபத்தேழாவது வயதில், ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலம் தொடங்கியபோது ஒரு நேர்த்தி வைத்தார்: உயிர்த்த ஞாயிறு வரை மீனும் இறைச்சியும் தொடுவதில்லை. எங்கள் வீட்டில் மீன் இல்லாவிட்டால் அது சோறே அல்ல. ஈடுசெய்ய அம்மா தினமும் கீரை சமைத்தார். முருங்கையிலைச் சுண்டல், வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி. அதே சட்டியிலிருந்து நானும் போட்டுச் சாப்பிட்டேன்.

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய பெரிய வியாழன் காலை மின்சாரம் இல்லை, விசிறி நின்றிருந்தது. அண்ணா எதிரே இருந்து தேநீர் குடித்தார். சத்தம் கேட்கவில்லை. எழுந்துபோய் அவர் நெஞ்சில் காதை வைத்தேன். துணியில் சுற்றிய மணிக்கூடு போல மங்கலாகக் கேட்டது.

உடனே இரத்தம் எடுத்துக்கொண்டு வேலைக்கு ஓடினேன். ஒன்று தசம் நான்கு. மறுபடி பரிசோதித்தேன். அதேதான். காரணங்களை எழுதி ஒவ்வொன்றாக வெட்டினேன். குளிசை தவறவில்லை. வேறு மருந்து இல்லை. சாப்பாடு. அந்த இடத்தில் பேனை நின்றது. அளவுக்கு மிஞ்சிய கீரை அந்தக் குளிசையை முறிக்கும் என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணா வெள்ளைச் சேட்டை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார். அன்று மாலைப் பூசையில், பன்னிரண்டு சீடர்களின் நினைவாக ஃபாதர் கால் கழுவும் பன்னிரண்டு பேரில் அவரும் ஒருவர்.

"அண்ணா, இப்பவே புத்தளம் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்க. இரத்தக்கட்டி ஒண்டு மூளைக்குப் போனா ஒண்டும் செய்ய ஏலாது."

"நான் போனா பதினொரு பேர்தான். வராதவன்தான் யூதாஸ் எண்டு சந்தை முழுக்கக் கதைப்பாங்க."

"கதைக்கட்டும்."

"பூசை முடிஞ்ச உடன போவம், டொக்டரம்மா. ஓட்டோவக் கோயில் வாசல்லயே நிப்பாட்டி வை."

இரண்டு மணித்தியாலம்தானே என்று சம்மதித்தேன். கிளினிக் கொப்பி, சாரம், துவாய், தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் பையில் அடுக்கி ஓட்டோவில் வைத்தேன்.

பூசையின் தொடக்கத்தில் கோயில் மணிகள் கடைசியாக ஒலித்து ஓய்ந்தன. இனி சனி இரவு உயிர்ப்புப் பூசையில்தான் அடிப்பார்கள். பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு கதிரைகள். அண்ணா கடைசிக் கதிரையில். ஃபாதர் தண்ணீர்ப் பாத்திரத்தோடு ஒவ்வொருவர் முன்னும் முழந்தாளிட்டார். ஒவ்வொருவரும் வலது காலைத் தூக்கிக் கொடுத்தார்கள். நான் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது. பத்து. பதினொன்று.

அண்ணாவின் கால் எழும்பவில்லை.

ஃபாதர் காத்திருந்தார். அண்ணா குனிந்து, வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல அதைப் பார்த்தார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி என்னைத் தேடினார். வாயின் ஒரு ஓரம் இறங்கியிருந்தது.

ஓட்டோ வாசலில்தான் நின்றது. புத்தளம் வரை அவர் தலை என் மடியில் இருந்தது. சனிக்கிழமை காலை இறந்துபோனார். சாவு மணி அடிக்க முடியாத நாள். மரக்கட்டையைத் தட்டித்தான் ஊருக்கு அறிவித்தார்கள்.

திங்கட்கிழமை அடக்கம் முடிந்து வந்தபோது அயல் வீட்டார் மீன்குழம்பு கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அம்மா மூடியைத் திறந்து பார்த்தபடி நின்றார்.

"இண்டைக்கு அவன் மீன் சாப்பிட்டிருப்பான்," என்றார். பிறகு, "பிள்ள, சாப்பாட்டில ஏதும் பிழையா?"

"இல்லம்மா. நான் அவரப் பூசைக்கு விட்டன். அதாலதான்."

அம்மா மூடியைத் திரும்ப வைத்தார்.