பி.ஏ.வுக்குப் பூக் கேட்டது

வெண்ணந்தூரில் எங்கள் தெருவில் பூக் கேட்காமல் எந்தப் பெரிய காரியமும் நடக்காது. புதுத் தறி போடுவதா, கிணறு வெட்டுவதா, பெண் எடுப்பதா, எதற்கும் முதலில் அம்மன் கோயிலுக்குப் போவார்கள். பூசாரி வெள்ளை அரளி ஒன்றையும் சிவப்பு அரளி ஒன்றையும் தனித்தனி இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பார். காரியத்துக்கு உரியவர் மனதுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு குழந்தை ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை என்றால் ஆகட்டும், சிவப்பு என்றால் வேண்டாம். என் கல்யாணத்துக்கும் அப்படித்தான் கேட்டார்களாம். ஆனால் ஒரு மருமகளின் பி.ஏ. படிப்புக்குப் பூக் கேட்ட வீடு, எனக்குத் தெரிந்து, எங்கள் வீடு ஒன்றுதான்.

நான் சேலத்தில் விடுதியில் தங்கி பி.யு.சி. முடித்த கையோடு கல்யாணமாகி இங்கே வந்தவள். தெருவுக்கு மின்விளக்கு வந்த புதிதில் மகள் பிறந்தாள். கணவர் நூல் வாங்கித் தறிக்காரர்களுக்குக் கொடுத்து, நெய்த சேலைகளைச் சேலத்துக் கடைகளுக்குக் கொண்டுபோவார். மகளுக்கு ஒன்றரை வயதானபோது, அவர் சேலம் கிளம்பும் நேரத்தில் கேட்டேன்:

"ஏனுங்க, நான் படிச்ச காலேஜுல இப்பப் போய் அப்ளிகேஷன் கேட்டாக் குடுக்க மாட்டாங்க, இல்லீங்களா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தார். "குடுப்பாங்களான்னு கேக்கறதுக்கு வாய் வராதா உனக்கு?"

சாயங்காலம் நூல் மூட்டையோடு விண்ணப்பமும் வந்தது.

அந்த வருஷம் அங்கே புதிதாக ஒரு பி.ஏ. தொடங்கியிருந்தார்கள். ஒரே பாடத்தை முக்கியமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாததுபோலத் தோன்றும் மூன்று பாடங்களைச் சமமாகப் படிக்கலாம். எந்த மூன்று, அவை ஏன் என்பதை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதித் தரவேண்டும்.

அந்த ஒரு பக்கம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. சரித்திரம் பிடிக்கும். ஆனால் நாமக்கல் மலைமேல் இருக்கும் கோட்டையைப் பார்த்ததைத் தவிர எனக்கு என்ன தெரியும்? பொருளாதாரம் என்று எழுதினேன். கணக்கு வந்துவிடுமோ என்று பயந்து அழித்தேன். தாவரவியல் என்று எழுதி, அதை ஏன் சேர்த்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று அதையும் அழித்தேன்.

"இன்னொருக்கா ரப்பரப் போட்டீன்னா காயிதத்துக்கு அந்தப் பக்கம் நிக்கற ஆளு தெரியும்" என்றார் கணவர்.

விடை விளக்குத்திரியில் கிடைத்தது. ஒரு நாள் காலையில் பஞ்சில் கொட்டை பிரித்துத் திரி திரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நூல் விலை திடீரென்று ஏன் ஏறியது என்று கணவரிடம் ஒரு தறிக்காரர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் அது தெரியாது. இந்தத் தெருவுக்கு நெசவு செய்பவர்கள் எப்போது, எங்கிருந்து வந்தார்கள்? அதுவும் தெரியாது. நாமகிரிப்பேட்டையில் என் பிறந்த வீட்டுப் பருத்திக் காட்டில் மஞ்சளாய் விரியும் பூ மறுநாளே ஏன் சிவந்துபோகிறது? சின்ன வயதில் கேட்டு, யாரும் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி அது. மூன்றும் என் கையிலிருந்த பஞ்சைப் பற்றியவைதான். எழுந்து போய்ப் பொருளாதாரம், சரித்திரம், தாவரவியல் என்று மையால் எழுதினேன். அதை அழிக்க முடியாது என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது.

மாமனாரிடம் சொன்னபோது, "டாக்டருக்கா படிக்கப் போறே?" என்றார்.

"இல்லீங்க மாமா."

"வக்கீலுக்கா?"

"இல்லீங்க."

"அப்ப மூணு படிச்சு முடிச்சு என்ன ஆவே?"

"ஒண்ணும் ஆகாமப் போயிருவேனுங்களா மாமா?" என்று கேட்டேன். அவருக்கே பாவமாகிவிட்டது.

அத்தை குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அத்தையின் பதில்தான் முக்கியம். நான் காலை பஸ்ஸில் போய் மாலையில் திரும்பினால், பகலெல்லாம் குழந்தையைப் பார்க்க வேண்டியவர் அவர்தான். கடைசியில், "வெள்ளிக்கெழமை பூக் கேட்டுப் போடலாம்" என்றார். திங்கட்கிழமைக்குள் விண்ணப்பத்தைக் கொடுத்தாக வேண்டும்.

கோயிலுக்கு நடக்கும்போது, 'நான் படிக்கப் போகலாமா தாயே' என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். சன்னிதியில் கற்பூரம் ஏற்றியதும் குழந்தை என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இவளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், அத்தையால் எத்தனை நாளைக்கு முடியும் என்று மனம் ஓடியது. பூசாரி "கேட்டுக்கம்மா" என்றார். 'நான் போகக்கூடாது, இல்லையா தாயே?' என்று கேட்டுவிட்டேன்.

கேட்டது காதில் விழுந்ததுபோல் திடுக்கிட்டேன். அதற்குள் பூசாரி குழந்தையை இறக்கிவிட்டிருந்தார். அவள் ஒரு பொட்டலத்தைத் தொட்டாள், விட்டாள், மற்றதைத் தொட்டாள், திரும்பவும் முதல் பொட்டலத்துக்கே போனாள். என் பெண்தானே! பூசாரி இலையைப் பிரித்தார். சிவப்பு.

"ஆத்தா வேண்டாம்னுட்டா" என்றார் பூசாரி. கணவர் தரையைப் பார்த்தார். மாமா விபூதியை நீளமாகப் பூசிக்கொண்டார். அத்தை என் முதுகில் கை வைத்தார். எனக்கோ மனதுக்குள் வேறு கணக்கு ஓடியது. போகக்கூடாதா என்றுதானே கேட்டேன்? அதற்குத்தானே வேண்டாம் என்றாள்? போ என்று அம்மன் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் யார் நம்புவார்கள்? கேட்ட காரியத்தையே அடுத்த அமாவாசைக்கு முன் மறுபடி கேட்கிற வழக்கமும் இல்லை.

மத்தியானம் அத்தையே எனக்குச் சோறு போட்டார். "உடு சாமி. உண்ணு" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் என்னால் அடக்க முடியவில்லை.

"அத்தை, நான் மாத்திக் கேட்டுட்டேனுங்க. போகக்கூடாதான்னு கேட்டேன்."

மாமா கை கழுவப் போனவர் நின்றார். "பூ வந்ததுக்கப்பறம் கேள்விய மாத்தறதா? நல்லாருக்குது ஞாயம்!"

"ஒருவேள நான் சரியாத்தான் கேட்டேனோ என்னமோ..." என்று எனக்கே எதிராக நானே ஆரம்பித்தேன். கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். "இன்னைக்குக் கொழம்ப எறக்கி வெச்சுட்டு எங்கிட்ட என்ன கேட்டே?"

"புளி கூடிப்போச்சுங்களான்னு."

"கூடுச்சா?"

"இல்லீன்னீங்க."

அத்தை மாமாவிடம் திரும்பினார். "இவ இந்த ஊட்டுக்கு வந்த மொத நாளு எங்கிட்டக் கேட்டது என்னன்னு தெரியுங்களா? 'என்னையப் புடிக்கலீங்களா அத்தை'ன்னு கேட்டா. எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்ல. என்னைக்காச்சும் ஒண்ணை நேராக் கேட்டிருக்காளா இவ? ஆத்தாகிட்ட மட்டும் நேராக் கேட்டிருப்பாளா?"

முதலில் சிரித்தவர் கணவர். பிறகு மாமா, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு. என்னவென்று புரியாமலே குழந்தையும் கை தட்டினாள்.

"அப்ப பூசாரிகிட்ட ஆரு சொல்றது?" என்றார் மாமா.

"நான் சொல்லிக்கறேன். கேட்டவ மனசுல இருந்ததுக்குத்தான் பூவு. பூசாரி மனசுல இருந்ததுக்கு இல்ல." என்னிடம் திரும்பினார். "திங்கக்கெழமை மொத பஸ்ஸுக்குப் போ அம்மிணி. பாப்பாளுக்கு நான் இருக்கறேன்."

அதைத்தான் கேட்கத் தைரியமில்லாமல் இத்தனை நாளும் சுற்றிச் சுற்றி வந்திருந்தேன்.

திங்கட்கிழமை கல்லூரி அலுவலகத்தில் வயதான கன்னியாஸ்திரீ ஒருவர் நான் எழுதிய பக்கத்தைப் படித்தார். "கல்யாணமானவங்களச் சேத்துக்க மாட்டீங்க..." என்று தொடங்கினேன். பக்கத்தில் கணவர் இருமினார். மூச்சை இழுத்துக்கொண்டு, "என்னைச் சேத்துக்குவீங்களா சிஸ்டர்?" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, பருத்திப் பூ நிஜமாகவே மறுநாள் சிவக்குமா என்று கேட்டார். சிவக்கும் என்றேன். ஜூன் மாதம் வரச் சொன்னார்.

வீடு திரும்பியபோது அத்தை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். என்னைப் போலவே புருவத்தைச் சுருக்கி, என்னைப் போலவே குரலை இழுத்துக் கேட்டார்:

"எடமில்லைன்னுட்டாங்களா, அம்மிணி?"