வீரம்மாள் விடாத கேள்வி

விழுப்புரம் பக்கம் கெடாரில் வீரம்மாள் பிடித்தால் விடமாட்டாள் என்று பெயர். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளையும் ஒரு காணி நிலமும், அதிகம் பேசாத பச்சைமுத்து என்ற புருஷனும் அவளுக்கு உண்டு.

1983 தை மாசம், களை எடுக்கிற சமயம். எப்போதும் வேலைக்கு வரும் சவுரியம்மாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வர முடியாது என்றாள். அன்று மத்தியானம் காலனியில் ஏழெட்டுப் பெண்கள் தன் வீட்டில் கூடிப் பைபிள் படிக்கிறார்களாம். அவள் வாசிப்பாளாம், மற்றவர்கள் ஆளுக்கொரு கருத்துச் சொல்வார்களாம். வீரம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. களைக்கொத்து பிடிக்கிற கை புத்தகம் பிடிக்கிற அதிசயத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று அந்த ஞாயிறே கிளம்பிவிட்டாள்.

ஊர்த்தெருப் பெண் காலனி வீட்டுக்குள் வந்து உட்காருவது அதுவரை நடக்காத காரியம். நாற்காலிக்கு ஓடினார்கள். அவள் பாயிலேயே உட்கார்ந்தாள். தாகமெடுத்தபோது சவுரியம்மாளின் சொம்பை வாங்கித் தண்ணீர் குடித்தாள்.

அதன்பிறகு வாராவாரம் போனாள். பைபிளில், பொழுது சாயும் நேரத்தில் வேலைக்கு வந்தவனுக்கும் முழுக்கூலி கொடுத்த தோட்டத்து முதலாளியின் கதையைக் கேட்டுவிட்டு, அப்படிக் கொடுத்தால் மறுநாள் காலையில் எவன் வேலைக்கு வருவான் என்று மடக்கினாள். லேட்டாக வந்தவள் வீட்டிலும் அன்றைக்கு உலை கொதிக்க வேண்டாமா என்று அம்சா என்பவள் திருப்பிக் கேட்டாள். வீரம்மாளுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போனது.

மாசி மாசத்தில் ஒருநாள், மகளுக்குச் சுகம் கேட்டு வந்த கானான் தேசத்துப் பெண்ணின் கதை வந்தது. பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடலாகாது என்கிறார் இயேசு. மேசையிலிருந்து சிந்துவதை நாய்க்குட்டிகளும் தின்னுமே என்கிறாள் அவள். மகள் பிழைத்துக்கொள்கிறாள். மாசம் ஒருமுறை விழுப்புரம் சர்ச்சிலிருந்து வரும் உபதேசியார் துரைக்கண்ணு அன்று இருந்தார். அவளுடைய விசுவாசத்தைச் சோதிக்கவே ஆண்டவர் அப்படிச் சொன்னார் என்று விளக்கினார்.

"சோதிக்கிறதுக்கு நாயின்னுதான் சொல்லணுமாங்க? அவ விடாம பேசுனா. அவரு தோத்தாரு. தோத்துட்டு அத்த ஒத்துக்கினாரு. அதுக்குத்தான் எனக்கு அவர புடிச்சிருக்குது" என்றாள் வீரம்மாள்.

உபதேசியாரின் முகம் சுருங்கியது. சவுரியம்மாள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

"வாயால சொன்னாத்தான் நாயாம்மா? நீங்க எங்க வூட்டு சொம்புல குடிக்கிறீங்க. உங்க நெலத்துல எனக்கு இன்னும் கையிலதான ஊத்துறீங்க."

வீரம்மாளுக்கு முகமெல்லாம் எரிந்தது. எழுந்து போய்விட்டாள். கூலிக்காரி கேட்டுவிட்டாளே என்ற கோபம் இரண்டு வாரம் இருந்தது. அதற்குமேல் நிற்கவில்லை. தோற்றதை ஒத்துக்கொண்டவரைப் பிடிக்கும் என்று சொன்னவள் அவள்தானே.

மல்லாட்டை பிடுங்குகிற அன்று, பக்கத்து நிலத்துக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தன் எவர்சில்வர் சொம்பை சவுரியம்மாளிடம் நீட்டினாள். "வாய் வச்சே குடி" என்றாள். சவுரியம்மாள் அவசரப்படாமல் குடித்துவிட்டு, மிச்சத்தோடு சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள். வீரம்மாள் மிச்சத்தைக் குடித்தாள்.

செய்தி ஊருக்குள் போக எத்தனை நேரம் ஆகும்? ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் வார்த்தபோது, வீரம்மாள் வீட்டுக் கூழ் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார் கோயில் பெரியதனக்காரர் விருத்தாசலம். பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றான் பச்சைமுத்து. அவள் கேப்பைக்கூழ்ப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

கோயில் வாசலில், எல்லார் வீட்டுக் கூழையும் ஊற்றி வைத்த பெரிய அண்டா இருந்தது. விருத்தாசலம் குறுக்கே வந்தார்.

"நீதான் அந்தப் பக்கம் போயிட்டியே."

"போனேன். நாளைக்கும் போவேன். அதுக்காவ ஆத்தா எனக்கு இல்லாம பூடுவாளா?"

சொல்லிக்கொண்டே பானையை அண்டாவில் கவிழ்த்துவிட்டாள். "இப்ப எது என்னுதுன்னு பிரிச்சு எடுத்துக் கொட்டுங்க" என்றாள்.

இருநூறு பேர் கையில் குவளையோடு நின்றார்கள். அத்தனை கூழையும் கொட்டினால் ஆத்தா குத்தம். முதலில் ஒரு கிழவர் குவளையை நீட்டினார். அப்புறம் எல்லாரும் குடித்தார்கள்.

இது உபதேசியார் காதுக்கும் எட்டியது. அடுத்த முறை வந்தபோது, பொட்டை அழித்து ஞானஸ்நானம் வாங்கினால் இங்கே வரலாம், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவளுக்கு இங்கே இடமில்லை என்றார். வீரம்மாள் பாயை விட்டு நகரவில்லை. தான் கேட்க இன்னும் நிறைய இருக்கிறது, கேட்டு முடித்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

அவர் சவுரியம்மாளைப் பார்த்தார்.

"இது என் வூடுங்க. யாரு வரணும்னு நான்தான் சொல்லணும்" என்றாள் அவள்.

உபதேசியார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீரம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அம்சாவுக்கு இடம் விட்டாள். சவுரியம்மாள் பக்கத்தைப் புரட்டி, விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.