தாடையில் பச்சை இல்லாத படம்

என் தாடையில மூணு புள்ளி பச்சை கீது. சின்ன வயசுல எங்கம்மா என்னை மடியில படுக்கவெச்சி, அழ அழ குத்திவிட்டது.

செங்கம் பக்கத்துலருந்து உத்திரமேரூருக்கு வந்தப்ப நான் வயசுப் பொண்ணு. எங்க மாமனுக்கு என்னை ரெண்டாந்தாரமா கட்டிவெக்க நாள் பார்த்துட்டாங்க. ரைஸ்மில் வேலைக்குக் கிளம்புன பொண்ணுங்களோட நானும் லாரி ஏறிட்டேன். நெல்லு அவிக்கணும், களத்துல கொட்டிக் காலால தள்ளிக் காயவெக்கணும். யார்கிட்டயும் கைநீட்டாம சோறு தின்னேன். பயம்தான் விடல. பஸ் வந்து நின்னா, மாமன் எறங்குறாரான்னு பார்த்துட்டுத்தான் ரோட்டுல கால் வெப்பேன்.

பொங்கலுக்கு மில்லுப் பொண்ணுங்க ஸ்டூடியோவுக்குக் கிளம்புனாங்க.

"நீயும் வாடி. போட்டோ புடிச்சா உசுரா பூடும்?"

எங்கூர்ல செத்தவங்களைத்தான் நாற்காலியில சாத்திவெச்சி போட்டோ புடிப்பாங்க. அதனால நான் உக்காரவே மாட்டேன்னுட்டு, நின்னுக்கினே எடுத்துக்கினேன்.

வாங்கப் போனா, படத்துல பச்சையைக் காணோம். ஸ்டூடியோக்காரர் பிலிம் மேல பென்சிலால தீட்டி மறைச்சிட்டார்.

"மரு, தழும்பு எல்லாம் எடுத்துடுவோம்மா. எவ்ளோ எடுப்பா கீது பாரு."

"அது எங்கம்மா வெச்சது. உங்களை யாரு எடுக்கச் சொன்னது?"

படத்தை வாங்காமலே வந்துட்டேன்.

அந்தப் படத்தையே பெருசாக்கி, பஸ் ஸ்டாண்டைப் பார்த்தாப்ல இருக்குற கண்ணாடிப் பெட்டியில மாட்டியிருக்காருன்னு மில்லுக் கூட்டாளி ஒருத்தி வந்து சொன்னா. மாமன் பஸ்ஸை விட்டு எறங்குனா மொதல்ல அதுதானே கண்ணுல படும். எடுத்துடச் சொல்லணும்னு ஓடுனேன். ஸ்டூடியோவுக்குள்ள நின்னு பேசிக்கினு இருக்கும்போதே, வெளிய கண்ணாடிகிட்ட மாமன். கறுப்புத் திரைக்குப் பின்னால பூந்துக்கினேன்.

மாமன் உள்ள வந்தார். "இந்தப் படத்துல இருக்கறவ யாருங்க?"

"ஏன் கேக்கறீங்க?"

"எங்கக்கா பொண்ணு சாயல். ஓடிட்டா. ஆனா அவளுக்குத் தாடையில பச்சை இருக்கும்."

ஸ்டூடியோக்காரர் திரைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"இது எங்கூர்ப் பொண்ணுங்க," ன்னார் ஸ்டூடியோக்காரர். "பச்சையெல்லாம் கெடையாது."

"அதானே. அவ இவ்ளோ லட்சணமும் கெடையாது," ன்னுட்டு மாமன் எறங்கிப் போனார்.

பஸ் கிளம்புன சத்தம் கேட்ட பின்னாடிதான் திரையை விட்டு வெளிய வந்தேன்.

"படத்தை எடுத்துடட்டாம்மா?"

"வேணாம். அங்கியே இருக்கட்டும்," ன்னேன்.

அம்மா வெச்ச பச்சையை அன்னிக்குத்தான் மொத மொத முந்தானையால மூடிக்கினு மில்லுக்கு நடந்தேன்.