மறுபாதிக்குக் காத்திருந்த ரோசரி

மலாயாவில், கிந்தா ஆற்றங்கரை தொடங்கி சித்தியவான் கடற்கரை வரை, வாயை மூடிக்கொண்டு ஜெபம் செய்வதில் ரோசரியை மிஞ்ச ஆள் கிடையாது. ரோமாபுரிச் சாமியார்களே கப்பலேறி வந்து, லகாட்டுக்கு அப்பாலிருந்த அந்த ரப்பர் தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான லயத்தில் சம்மணம் போட்டு அவளிடம் பாடம் கேட்டிருக்க வேண்டும். அவர்களுக்கு வழி தெரியாததால் கேட்டதெல்லாம் பக்கத்து வீட்டு அர்ச்சுனன்தான். பதினேழு வயது. மூன்றாம் வகுப்போடு அவனும் வாத்தியாரும் ஒருவரையொருவர் கைவிட்டிருந்தார்கள்.

ஜெபமாலைக்கு இரண்டு வாய் வேண்டும். ஒருவர் பாதி மந்திரத்தைச் சொல்ல, 'அர்ச்சியசிஷ்ட மரியாயே' என்று மற்றவர் மறுபாதியை முடிக்க வேண்டும். லயத்தில் கிறிஸ்தவ வேதக்காரர்கள் ரோசரியும் அவள் புருஷன் அந்தோணிமுத்துவும் மட்டுந்தான். 1926 மழையில் காய்ச்சல் அவனைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகும் பொழுது சாய்ந்ததும் அவள் தன் பாதியைச் சொல்வாள். அவன் பாதிக்கு ஆகும் நேரம் சும்மா இருப்பாள். அடுத்த மணியை உருட்டுவாள். மறுபடி சும்மா. ஐம்பது தடவை. கூரையைத் தொடாத பலகைச் சுவரைத் தாண்டி அந்த மௌனம் அர்ச்சுனனின் சோற்றுத் தட்டுவரை வந்து உட்காரும்.

ஒருநாள் காலை ஆள் கணக்கெடுக்கும்போது அவள் கங்காணியிடம் சொன்னாள்:

"மாசக் கடைசியில என் பேரை எடுத்துடுங்க. கூடச் சொல்ல ஒரு வாய் இல்லாத எடத்துல எப்படி இருக்கிறது?"

"எங்க போவ?"

"தெரியல."

அன்று சாயங்காலம் அர்ச்சுனன் ரப்பர்ப் பால் வாளிக்குள் வாயை வைத்து, செத்தவன் குரலில், சுவர் வழியே வருஷமெல்லாம் காதில் விழுந்த மறுபாதியைச் சொன்னான். பயமுறுத்தத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். அலறல் வரவில்லை. அடுத்த மணிதான் வந்தது. ஒரு குறும்பை ஐம்பது தடவை செய்யவேண்டி வந்தது அவனுக்கு அன்றுதான்.

மறுநாள் விட்டுவிடலாமென்று இருந்தான். அவள் வழக்கத்தைவிட நீளமாகக் காத்திருந்தாள். வாளியை எடுத்தான்.

மாசக் கடைசியில் கங்காணி கேட்டபோது, "பேரு இருக்கட்டும்" என்றாள்.

வாளிச் சத்தத்துக்குச் சிரித்த லயம், கேட்டுக் கேட்டு மறுபாதியை முணுமுணுக்கவும் பழகியது. தவக்காலத்தில் ஈப்போவிலிருந்து வந்த சாமியார் அவள் வாசலில் ஜெபமாலையைத் தொடங்கினார். கோடி வீட்டு மாரியம்மா முதல் குழம்பு கிண்டிக்கொண்டிருந்த நல்லம்மாள் வரை மறுபாதியைச் சொன்னார்கள்.

"இங்கே எத்தனை வேதக்காரர்?"

"நான் ஒருத்திதான் சாமி."

அவர் மாதாமாதம் வர ஒப்புக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை லகாட்டில் கூத்து. தலைக்கு எண்ணெய் தடவி, அடிமேல் அடி வைத்து அவள் வாசலைக் கடந்தான் அர்ச்சுனன்.

"ஆவி இன்னிக்கி லகாட் போவுதா?"

"எ... எந்த ஆவி அக்கா?"

"நடிக்காத லா. எங்க வீட்டுக்காரரு நடுவுல கொட்டாவி விட்டு மிச்சத்த முழுங்கிடுவாரு, நான்தான் சொல்லி முடிப்பேன். நீ மொத நாளே ஒரு எழுத்து விடாம சொன்ன. போய் வாளிய எடு."