இருமினால் நிறுத்து

மாட்டுக்கு மருந்து பருக்கும்போது அது இருமினால் உடனே நிறுத்த வேண்டும். கால்நடைப் பணியாளர் பயிற்சியில் இதை நான் சொல்லும்போது எல்லோரும் குனிந்து எழுதிக்கொள்வார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்காதவரை என் மரியாதை பிழைத்தது.

பத்து வயதில் உடுவிலில் நான் அரை வைத்தியன். அப்பாவே முக்கால்தான், கால்நடை வைத்தியசாலையில் உதவியாளர். அவர் மருந்து பருக்குவதைப் பார்த்துப் பார்த்து, தொழில் எனக்கும் வந்துவிட்டதாக ஊரெல்லாம் அளந்து திரிந்தேன்.

வேலைக்குச் சேர்ந்து பல வருடங்களின் பின், முதல் தடவையாக அப்பாவை மூன்று நாள் பயிற்சிக்குக் கண்டிக்கு அழைத்திருந்தார்கள். அவர் போன அன்றே, சுன்னாகம் சந்தையில் கழித்துப்போட்ட முட்டைக்கோவா இலையைத் தின்று மாமியின் மாடு வயிறு ஊதி நின்றது. மாமி அப்பாவின் தங்கை. அந்த மாட்டின் பாலில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது.

“அண்ணை இல்லாத நேரம் பாத்து ஊதிப்போட்டுது. வைத்தியம் தெரியுமெண்டு கதைச்சுத் திரியிறனியெல்லோ, வாவன்ரா!”

“ஓம்” என்றது வாய். மாமி மாட்டின் தலையை உயர்த்திக் கட்டினார். அப்பா செய்வது போலவே நாக்கை வெளியே இழுத்துப் பிடித்து, நல்லெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தேன். மாடு இருமியது. திமிறுகிறது என்று இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அந்தத் திமிறலில் பாதி எண்ணெய் என் காற்சட்டைக்குள் போனது. மற்றப் பாதி மாட்டின் வயிற்றுக்குள் போனதாக நம்பினேன்.

பொழுதுபட வயிறு வற்றியது. மாமி முட்டை பொரித்துத் தந்தார். இந்த டொக்டர் இரண்டாவது முட்டையும் கேட்டு வாங்கித் தின்றார்.

நாலாம் நாள் அப்பா வந்தபோது மாடு கழுத்தை நீட்டி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. விலாவில் காதை வைத்துக் கேட்டார்.

“பருக்கேக்கை இருமினதோ?”

“ஓம். ஆனா நான் விடேல்லை.”

“நாக்கு?”

“நீங்கள் பிடிக்கிற மாதிரித்தான் பிடிச்சனான்.”

அடி வருமென்று பின்பக்கத்தை வைக்கோற் போரில் சாத்திக்கொண்டேன். வரவில்லை. “உவன்ரை புளுகாலை என்ரை மாடு போகப்போகுது!” என்று மாமி கத்தினார்.

“உவனிலை பிழையில்லை, தங்கச்சி. எண்ணெய் சுவாசப்பைக்குள்ளை போட்டுது.”

மத்தியானம் மாடு செத்தது. அப்பா கொட்டில் வாசலில் பயிற்சிக் கொப்பியை விரித்தபடி இருந்தார். எட்டிப் பார்த்தேன். தலையை உயர்த்தக்கூடாது. நாக்கை இழுக்கக்கூடாது. இருமினால் நிறுத்து. கடைசி வரியின் கீழ் இரண்டு கோடுகள்.

அவர் ஒவ்வொரு விரலாக மடக்கி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வாத்தியார் வீடு, சங்கக்கடையடி, பனங்காணி வீடு... எல்லாம் அவர் மருந்து பருக்கி, சில நாளில் சளி பிடித்து மாடு செத்த வீடுகள். ஊரில் மாடு சாவது புதிதில்லை என்று மாமியைத் தேற்றத்தான் கணக்கெடுக்கிறார் என்று நினைத்தேன். அடி தப்பிய சந்தோஷத்தில் நானும் உதவினேன்.

“கோயிலடி வீட்டை விட்டிட்டியள், அப்பா.”

அப்பா இன்னொரு விரலை மடக்கினார்.